அப்பா சொன்னதைப் பிள்ளை மாற்றலாமா? - ஓவர்ரைடின் கதை

கணிப்பொறித் துறையில் வேலை தேடிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். "ஓவர்லோடிங்குக்கும் ஓவர்ரைடிங்குக்கும் என்ன வித்தியாசம்?" என்ற கேள்வியைத் தாண்டாமல் வந்திருக்க மாட்டார்கள். கேட்பவருக்கும் பதில் மனப்பாடம், சொல்பவருக்கும் மனப்பாடம். இங்கே புனேவுக்கு வந்தபிறகு நானும் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பேரிடம் இதைக் கேட்டாயிற்று. கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். "சரி, ஓவர்ரைடு பண்ண யாரிடம் அனுமதி வாங்கணும்?" என்று அடுத்ததாகக் கேட்டால்தான் கொஞ்சம் முழிப்பார்கள். முழிப்பதில் தப்பே இல்லை. எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இந்த ஒரு கேள்விக்கு ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கோட் எதுவும் கிடையாது, கணினிப் பக்கமே வராதவர்களும் தைரியமாகப் படிக்கலாம் :-)

முதலில் ஒரு சின்ன அறிமுகம். நம்ம ஊர் +2 பாடநூலில் 'இனக்குழு', 'மரபுரிமம்' என்றெல்லாம் படித்திருப்பீர்கள். நான் அலுவலகத்தில் புழங்குகிற மாதிரி கிளாஸ், மெத்தட் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்பளக் கணக்குப் போடும் ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 'ஊழியர்' என்று ஒரு கிளாஸ். பெயர், சேர்ந்த தேதி, சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். 'மாதச் சம்பளம் கணக்கிடு' என்று ஒரு மெத்தடும் இருக்கும். ஒப்பந்த ஊழியருக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும், சம்பளக் கணக்கு மட்டும் வேறு. அதற்காக எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டாம். 'ஒப்பந்த ஊழியர்' என்ற புது கிளாஸை 'ஊழியர்' கிளாஸின் பிள்ளை என்று சொல்லிவிட்டால் போதும், அப்பாவின் சொத்து முழுக்கப் பிள்ளைக்கு வந்துவிடும். இது இன்ஹெரிடன்ஸ். வந்த சொத்தில் சம்பளக் கணக்கை மட்டும் பிள்ளை தன் பாணியில் எழுதிக்கொள்வது ஓவர்ரைடிங்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பகுதிக்கு, தன் முன்னால் வந்து நிற்பது நிரந்தர ஊழியரா ஒப்பந்த ஊழியரா என்றே தெரியாது. "யாராக இருந்தாலும் ஊழியர்தானே, உன் சம்பளத்தைக் கணக்குப் போடு" என்று மட்டும் சொல்லும். நிரல் ஓடுகிற அந்த நொடியில்தான் நிற்பது யார் என்று பார்த்து, பிள்ளையின் மெத்தடா அப்பாவின் மெத்தடா என்று முடிவாகும். ஓவர்ரைடிங்கின் பலமும் ஆபத்தும் இந்த ஒரு இடத்தில்தான்.

ஆச்சா? இனி ஆஸ்லோவுக்குப் போவோம்.

நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1960-களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். பெயரிலேயே இருக்கிறது, நிஜ உலகத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் சிமுலேஷன் வேலைக்கான மொழி. வரிசைகள், தொழிற்சாலைகள், போக்குவரத்து இவையெல்லாம் அவர்களுடைய மண்டைக்குடைச்சல். ஒரு பாலத்தின் சுங்கச்சாவடியில் லாரியும் பஸ்ஸும் வரிசையில் நிற்கின்றன என்றால், வரிசையைப் பொறுத்தவரை இரண்டும் வெறும் வண்டிகள். சாவடியைத் தாண்டியதும் லாரி லாரிதான், பஸ் பஸ்தான். இரண்டுக்கும் பொதுவானதை ஒரு தடவை மட்டும் எழுதுவது எப்படி என்று யோசித்ததில் பிறந்ததுதான் கிளாஸும் அதன் பிள்ளை கிளாஸும். டோனி ஹோர் 1966-ல் ஒரு கோடைப்பள்ளியில் ரெக்கார்டுகளைப் பற்றிச் சொன்ன யோசனைகளும் இதற்குக் கைகொடுத்தன. 1967-ல் சிமுலா 67 வந்தது.

அனுமதிக் கேள்விக்கு முதல் பதிலும் அதில்தான். அப்பா கிளாஸ் எந்த மெத்தடை 'விர்ச்சுவல்' என்று அறிவிக்கிறதோ, அதைத்தான் பிள்ளை உண்மையிலேயே மாற்ற முடியும். இன்றைக்கும் நாம் எழுதுகிற விர்ச்சுவல் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். இன்னொரு சுவாரசியமான ஏற்பாடும் சிமுலாவில் உண்டு. அப்பா கிளாஸின் உடலுக்குள் 'இன்னர்' என்று ஒரு இடம் விடலாம். அப்பாவின் வேலை முதலில் ஓடும், இன்னர் வந்த இடத்தில் பிள்ளையின் வேலை ஓடும், பிறகு அப்பாவின் மிச்ச வேலை. அதாவது பிள்ளைக்கு எங்கே இடம் என்பதை அப்பாதான் ஒதுக்குகிறார். நைகார்டும் மற்றவர்களும் பின்னால் உருவாக்கிய பீட்டா என்ற மொழியில் இதை மெத்தடுகளுக்கும் கொண்டுபோனார்கள். அதில் அப்பா எழுதியதைப் பிள்ளை அழிக்க முடியாது, கூட்டிச் சேர்க்கத்தான் முடியும். நல்ல கண்டிப்பான அப்பா!

இதற்கு நேரெதிராகக் கிளம்பியவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினர் ஸ்மால்டாக் செய்தார்கள். 1972-ல் வந்த முதல் வடிவத்தில் இன்ஹெரிடன்ஸே கிடையாது. டான் இங்கால்ஸ் செய்த 1976 வடிவத்தில்தான் அது வந்தது. வந்தபோது கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. எந்த மெத்தடையும் பிள்ளை மாற்றலாம், அப்பா சம்மதம் தேவையில்லை. அப்பா எழுதியதும் ஓடவேண்டும் என்றால் 'சூப்பர்' என்று சொல்லிப் பிள்ளைதான் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதும் விடுவதும் பிள்ளையின் இஷ்டம். ஒரே ஆய்வகத்தில் சிலபேர் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதும் நிரலுக்கு இந்தச் சுதந்திரம் பிரமாதமாக வேலை செய்தது. சந்தேகம் வந்தால் எழுதியவரைப் போய்க் கேட்டுவிடலாமே.

அடுத்து சி++. டென்மார்க்கில் பிறந்த ஜார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தபோது சிமுலாவில் நிரல் எழுதினார். எழுதுவதற்குச் சுகம், ஓட்டினால் ஆமை வேகம். கடைசியில் எல்லாவற்றையும் பி.சி.பி.எல் என்ற கீழ்மட்ட மொழியில் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அதன்பின் 1979-ல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர், சி மொழியின் வேகமும் சிமுலாவின் ஒழுங்கும் ஒரே மொழியில் வேண்டும் என்று கிளம்பினார். அவருடைய முதல் படைப்பான 'கிளாஸ்களோடு கூடிய சி'-யில் பிள்ளை கிளாஸ் உண்டு, விர்ச்சுவல் கிடையாது. அது 1983-ல்தான் வந்தது, சி++ என்ற பெயரும் அதே வருஷம்தான். அப்பா விர்ச்சுவல் என்று எழுதினால்தான் பிள்ளை மாற்றலாம் என்ற சிமுலா பதிலையே அவரும் எடுத்துக்கொண்டார். காரணம் பெரும்பாலும் காசுக் கணக்கு. விர்ச்சுவல் மெத்தட் இருந்தால் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் ஒரு அட்டவணையின் முகவரியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் மெத்தடுக்குப் போக முடியும். வேண்டாதவன் எதற்கு இந்தச் செலவைச் சுமக்க வேண்டும்? கேட்டவனுக்கு மட்டும் கொடு என்பது சி++ கொள்கை.

1995-ல் சன் நிறுவனத்திலிருந்து ஜாவா வந்தது. ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய குழுவும் மறுபடி தராசை அந்தப் பக்கம் சாய்த்தார்கள். எதுவும் எழுதாவிட்டால் மாற்றலாம், மாற்றக்கூடாது என்றால் அப்பா 'பைனல்' என்று எழுதித் தடுக்க வேண்டும். செலவு என்ன ஆயிற்று? 1999-ல் ஹாட்ஸ்பாட் வந்ததும் அந்தக் கவலை பெருமளவு தீர்ந்தது. ஓடும்போதே அது கவனித்துக்கொண்டிருக்கும். இந்த மெத்தடை இதுவரை யாரும் ஓவர்ரைடு செய்யவில்லை என்று தெரிந்தால் அட்டவணையைப் பார்க்காமல் நேராகக் கூப்பிட்டுவிடும். பின்னால் யாராவது ஓவர்ரைடு செய்த கிளாஸ் வந்து சேர்ந்தால் போட்ட கணக்கை மாற்றிக்கொள்ளும்.

வேகப் பிரச்சினை தீர்ந்தது, அப்புறம் என்ன, எல்லாவற்றையும் திறந்தே வைக்கலாமே என்று கேட்கிறீர்களா? இங்கேதான் நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஜாவா 1.4 காலத்தில் எழுதிய சம்பளக் கணக்கு நிரல் அது. 'ஊழியர்' கிளாஸில் 'ஓவர்டைம் தொகை' என்று ஒரு மெத்தட், எத்தனை மணி நேரம் என்பதை முழு எண்ணாக வாங்கிக்கொள்ளும். நிரந்தர ஊழியருக்கு ஓவர்டைம் கிடையாது, அதனால் பூஜ்யம் திருப்பும். ஒப்பந்தக் காவலர்களுக்கான பிள்ளை கிளாஸ் அதை ஓவர்ரைடு செய்து சரியான தொகையைப் போடும். பல வருஷம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் அரை மணி நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. அப்பா கிளாஸை வைத்திருந்த குழு, முழு எண்ணைத் தசம எண்ணாக மாற்றியது. பிள்ளை கிளாஸ் இருந்தது வேறு ஊரில், வேறு குழுவிடம்.

கம்பைலர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அதற்குக் காரணமும் இல்லை. அப்பாவிடம் இருப்பது தசம எண் வாங்கும் மெத்தட், பிள்ளையிடம் இருப்பது முழு எண் வாங்கும் மெத்தட். பெயர் ஒன்று, ஆள் வேறு. அதாவது ஓவர்ரைடாக இருந்தது ராத்திரியோடு ராத்திரியாக ஓவர்லோடு ஆகிவிட்டது. (நேர்முகத்தேர்வில் ஒப்பிக்கிறோமே, அந்த வித்தியாசம்!) பட்டியல் தயாரிக்கும் பகுதி 'ஊழியர்' என்றுதான் கூப்பிடும். அப்பாவின் மெத்தட் ஓடியது, பூஜ்யம் வந்தது. பிழைச் செய்தி இல்லை, நிரல் நிற்கவில்லை. ராத்திரி ஷிப்ட் பார்த்த காவலர்களின் சம்பளச் சீட்டில் ஓவர்டைமுக்கு நேராக 0.00 என்று அழகாக அச்சாகி வந்தது. இரண்டு மாதம் அப்படியே போயிற்று. மாதக்கடைசியில் அந்தத் தொகையை நம்பி ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அவர்கள். கேட்டவர்களிடம் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பீகாரிலிருந்து வந்த ஒரு காவலர் விடாப்பிடியாகத் தன் நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதிவைத்த மணிக்கணக்கைக் கொண்டுவந்து நீட்டியபிறகுதான் ஆராயச் சொல்லி எங்கள் குழுவுக்கு வந்தது. ஒரு நாள் முழுக்கத் தேடி ஒரு வரியைத் திருத்தினோம். நிலுவைத்தொகையும் போய்ச் சேர்ந்தது. இரண்டு குழுவிலும் யாரும் மோசமாக வேலை செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிள்ளை தான் மாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தது. இனி மாற்றவில்லை என்று அதனிடம் சொல்ல அந்த மொழியில் வழியில்லை.

இதே வியாதிக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிள்ளை கிளாஸில் நீங்கள் பாட்டுக்கு ஒரு புது மெத்தட் எழுதி வைத்திருக்கிறீர்கள். அப்பா கிளாஸ் எங்கேயோ வெளியிலிருந்து வாங்கியது. அதன் அடுத்த பதிப்பில் அதே பெயரில் அவர்களும் ஒரு மெத்தட் சேர்க்கிறார்கள். இப்போது நீங்கள் கேட்காமலேயே ஓவர்ரைடு ஆகிவிட்டது. அப்பாவின் உள்வேலைகள் உங்கள் மெத்தடைக் கூப்பிட ஆரம்பித்துவிடும். 2023-ல் வந்த ஜாவா 21-ல் லிஸ்ட்டுக்கு 'முதலாவதைக் கொடு', 'கடைசியைக் கொடு' என்ற பொருளில் புது மெத்தடுகள் சேர்த்தபோதும் இந்த மோதல் கவலை எழுந்தது. அந்தப் பெயர்களில் ஏற்கெனவே சொந்தமாக எழுதி வைத்திருந்தவர்கள் உலகம் பூராவும் இருப்பார்களே.

இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் உண்டு. பெர்ட்ராண்ட் மேயர் 1980-களின் நடுவில் வடிவமைத்த ஐபெல் மொழியில், அப்பாவிடமிருந்து வந்ததை மாற்றினால் 'மறுவரையறை செய்கிறேன்' என்று பிள்ளை வாய்விட்டு அறிவிக்க வேண்டும். டர்போ பாஸ்கல் புகழ் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க், 1995-ல் வந்த டெல்பியில் 'ஓவர்ரைடு' என்ற சொல்லையே வைத்தார். நம்மில் பலர் கல்லூரி லேபில் தட்டிய அதே டர்போ பாஸ்கல்காரர்தான். பிறகு அவர் மைக்ரோசாப்ட் போனார், 2000-ல் சி ஷார்ப் அறிமுகமானது. அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். அப்பா 'விர்ச்சுவல்' என்று எழுத வேண்டும், பிள்ளை 'ஓவர்ரைடு' என்று எழுத வேண்டும். பெயர் தற்செயலாக ஒத்துப்போனால் கம்பைலர் எச்சரிக்கும், ஆனால் ஓவர்ரைடு ஆக்காது. "இது வேறு, அது வேறு" என்று பிள்ளை 'நியூ' போட்டுச் சொல்லிக்கொள்ளலாம். ஜாவா மாதிரி எல்லாவற்றையும் ஏன் திறந்து வைக்கவில்லை என்று 2003-ல் ஒரு பேட்டியில் கேட்டபோது அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. வேகம் ஒன்று. அதைவிட முக்கியம் என்று அவர் சொன்னது பதிப்புகள் மாறும்போது வரும் சிக்கல். அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் இல்லை, வேறு வேறு கம்பெனியில், வேறு வேறு காலத்தில் வளர்கிறார்கள் என்பதை மொழிக்குள்ளேயே கணக்கில் எடுத்தார்.

அதற்குப்பின் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் வந்து சேர்ந்த வரிசையைப் பாருங்கள். 2004-ல் ஜாவா 5 ஓவர்ரைடு என்ற குறிப்பைக் கொண்டுவந்தது. கட்டாயம் இல்லை, ஆனால் எழுதினால் கம்பைலர் சரிபார்க்கும். மேலே சொன்ன காவலர் கிளாஸில் அந்த ஒரு சொல் இருந்திருந்தால் மாற்றிய அன்றைக்கே பிள்ளை கிளாஸ் கம்பைல் ஆகாமல் நின்றிருக்கும். 2011-ல் சி++ அதே சொல்லை ஏற்றுக்கொண்டது. 2014-ல் வந்த ஸ்விப்ட் ஓவர்ரைடைக் கட்டாயமாக்கியது. 2016-ல் 1.0 வெளியான கோட்லின், ஜாவா உலகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு ஜாவாவின் வழக்கத்தைத் தலைகீழாக்கியது. எதுவும் எழுதாவிட்டால் மூடியது, மாற்ற விட வேண்டும் என்றால் அப்பா 'ஓப்பன்' என்று எழுத வேண்டும், பிள்ளை 'ஓவர்ரைடு' என்று எழுதியே ஆக வேண்டும். 2021-ல் டைப்ஸ்கிரிப்ட் 4.3-ல் வந்தது, அதுவும் ஹெல்ஸ்பெர்க்கின் மொழிதான். எந்தக் கட்டுப்பாடும் பிடிக்காத பைத்தான், பி.எச்.பி இரண்டுக்கும்கூட 2023-ல் வந்துவிட்டது. ஆஸ்லோவில் அப்பாவின் கையெழுத்து மட்டும், பாலோ ஆல்டோவில் யார் கையெழுத்தும் வேண்டாம் என்று தொடங்கியவர்கள், கடைசியில் பிள்ளையின் கையெழுத்து அவசியம் என்பதில் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள்.

கையெழுத்து எல்லாவற்றையும் தீர்க்குமா? தீர்க்காது. கம்பைலருக்குப் பெயரும் அளவுருக்களும்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. பார்பரா லிஸ்கோவ் 1987-ல் ஒரு உரையில் எழுப்பி, பிறகு ஜானெட் விங்குடன் 1994-ல் விரிவாக எழுதியது இதைத்தான். அப்பாவை நம்பி எழுதிய இடத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தால், அந்த நம்பிக்கை கெடக்கூடாது. 'ஓவர்டைம் தொகை' என்ற மெத்தடைப் பிள்ளை முறைப்படி ஓவர்ரைடு செய்து தொகைக்குப் பதில் மணிக்கணக்கைத் திருப்பினால், இரண்டு கையெழுத்தும் இருக்கும், சம்பளம் தப்பாகத்தான் வரும். அர்த்தம் பொருந்தாத உறவுக்கு ஜாவா நூலகத்திலேயே உதாரணம் உண்டு. 'ஸ்டாக்' கிளாஸ் 'வெக்டர்' கிளாஸின் பிள்ளை. தட்டுகளை அடுக்கி மேலேயிருந்து மட்டும் எடுக்க வேண்டியது ஸ்டாக். வெக்டரின் பிள்ளையாகப் பிறந்ததால் நடுவிலே கைவிட்டுச் செருகவும் உருவவும் முடிகிறது. 1996-லிருந்து அப்படியே இருக்கிறது. எத்தனையோ நிரல்கள் நம்பியிருப்பதால் உறவை அறுக்க முடியவில்லை.

அதனால்தான் 1994-ல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்தின் நால்வர், பிள்ளையாக்குவதைவிட உறுப்பாகச் சேர்த்துக்கொள்வது மேல் என்று எழுதினார்கள். 2001-ல் ஜோஷுவா பிளாக், பிள்ளைகள் வருவார்கள் என்று திட்டமிட்டு எழுதிவை, இல்லாவிட்டால் கதவை மூடிவிடு என்றார். 2009-ல் அறிமுகமான கோ மொழியும், 2015-ல் 1.0 வந்த ரஸ்ட்டும் கிளாஸ் இன்ஹெரிடன்ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டன. ஆனாலும் வங்கியிலும் காப்பீட்டிலும் ரயில் முன்பதிவிலும் ஓடும் பழைய நிரல்கள் அத்தனையும் இருக்கின்றன, அவற்றில் அப்பாவும் பிள்ளையும் இருக்கிறார்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள நாமும் இருக்கிறோம். ஊரைவிட்டு வந்து நம்மில் பலர் செய்யும் வேலையே யாரோ எழுதிவிட்டுப் போனதை வாங்கிப் பராமரிப்பதுதான். எழுதியவர் எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் இருக்கிறாரோ, போய்க் கேட்க வழியில்லை.

புதிதாகச் சேரும் பையன்களும் பெண்களும் "இது ஆப்ஷனல்தானே சார், எதுக்கு ஒவ்வொரு இடத்துலயும் எழுதணும்?" என்று கேட்பார்கள். கட்டாயமில்லாத மொழியாக இருந்தாலும் எழுதுங்கள். அது விட்டுப்போனால் எச்சரிக்கும்படி உங்கள் கம்பைலரையோ சரிபார்க்கும் கருவியையோ ஒருமுறை அமைத்து வைத்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. பழைய நிரல் கைக்கு வந்தால் முதல் வாரத்திலேயே ஓவர்ரைடு என்று குறிப்பிடாத இடங்களைத் தேடிக் குறித்துவிடுங்கள். அப்படிக் குறிக்கும்போதே ஒன்றிரண்டு இடத்தில் கம்பைலர் மறுக்கும். மறுத்த இடத்தில் நின்று, இது எத்தனை நாளாக இப்படி ஓடுகிறது, இதனால் யாருக்கு என்ன குறைந்துபோயிற்று என்று பார்த்துவிட்டு அப்புறம் திருத்துங்கள்.